வாயில்லா உயிர்களிடம் நாம் பட்ட கடன்

எல்லர்ஸ்லிப் புகையிரத நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வரும் வழியில், சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, கயிறு அவிழ்ந்த நாயொன்று வாலை ஆட்டியபடி என்னை நோக்கி ஓடி வந்தது. அதன் பின்னே வந்த பெண்மணி, அது ஒன்றும் செய்யாது, பயப்பட வேண்டாம் என்று சிரித்தபடி கூறினார். நானோ மதிலோடு மதிலாக ஒட்டி நின்றேன். என் கை என்னை அறியாமலே வயிற்றைப் பொத்திக்கொண்டது. நியூசிலாந்தில் நீர்வெறுப்பு நோய் கிடையாது. இந்நாட்டு நாய் கடித்தாலும் அந்நோய் வராது என்பது என் அறிவுக்குத் தெரியும். என் வயிற்றுக்குத் தெரியவில்லை.

அன்றிரவு இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான், இந்நகரின் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிர்மருத்துவ விஞ்ஞானம் கற்கும் என் மகள் தன் மனத்தில் இருந்ததைக் கூறினாள். கோடை விடுமுறையில் ஓர் ஆய்வுத் திட்டத்தில் சேருமாறு அவளைக் கேட்டிருக்கிறார்கள். எலிகளுக்குச் சில வாரங்கள் மருந்து கொடுத்து, இறுதியில் அவற்றைக் கொன்று உறுப்புகளை ஆராய வேண்டும். மருத்துவத் துறைக்குள் நுழைய விரும்புபவருக்கு அது நல்ல தகுதி.

"அம்மா, இதைச் செய்யிறதா, விடுகிறதா?" என்று கேட்டாள்.

பிள்ளை வைத்தியராக வர வேண்டும் என்று கனவு காணாத யாழ்ப்பாணத்துப் பெற்றோர் அரிது. நானும் அதற்கு விலக்கல்லள். அகதியாக வந்து, துப்புரவு வேலை செய்து படிப்பித்த பிள்ளையிடம், வந்த வாய்ப்பை விட்டுவிடு என்று சொல்ல நா எழவில்லை. செய் என்று சொல்லவும் மனம் துணியவில்லை. நான் கலைப்பட்டதாரி, வரலாறும் தமிழும் கற்பித்தவள். விஞ்ஞானத்தில் தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. ஆயினும் இந்தக் கேள்வியோடு எனக்கு ஓர் உடற்தொடர்பு உண்டு. அதையே முதலில் அவளுக்குக் கூறினேன், வாசகர்களுக்கும் கூறுகிறேன்.

பதினான்கு நாட்கள்

1978ஆம் ஆண்டு. எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வரும்போது ஒழுங்கையில் கட்டாக்காலி நாயொன்று என் கெண்டைக்காலைக் கடித்துவிட்டு ஓடியது. மூன்றாம் நாள் அந்த நாய் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடப்பதாகச் செய்தி வந்தது. விசர்நாய்க்கடி என்ற சொல்லைக் கேட்டதும் அம்மம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதது இன்றும் என் காதில் ஒலிக்கிறது. நீர்வெறுப்பு நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் அந்நோயிலிருந்து மீண்டவர்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணத்தக்க சிலர்தாம்.

அப்பா என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார். ஒரு நாளல்ல, பதினான்கு நாட்கள். தொப்புளைச் சுற்றி, நாளுக்கோர் இடமாக ஊசி ஏற்றினார்கள். எங்கள் தலைமுறையினரில் இதை அனுபவித்தவர்களும், அனுபவித்தவர்களைக் கண்டு அஞ்சியவர்களும் பலர். நான் பிழைத்தேன்.

அந்த ஊசிக்குள் என்ன இருந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். நான் ஆசிரியையாக இருந்த காலத்தில் என் வகுப்பறைக்கு அடுத்தது விலங்கியல் ஆய்வுகூடம். தவளை வெட்டும் நாட்களில் மருந்து மணம் என் வரலாற்று வகுப்புக்குள்ளும் புகுந்துவிடும். ஒரு நாள் நான் மூக்கைச் சுளித்தபோது, விலங்கியல் ஆசிரியர் என்னைப் பார்த்து, "ரீச்சர், உங்களுடைய உடம்புக்குள் ஏறினது செம்மறியின் மூளை, தெரியுமோ?" என்று கேட்டார்.

அவர் கூறியது உண்மைதான். 1885ஆம் ஆண்டு யூலை மாதத்தில் பிரான்சிலே லூயி பாஸ்டர், விசர்நாய் கடித்த யோசெப் மைஸ்ரர் என்ற சிறுவனுக்கு முதன்முதலாக இந்நோய்க்கான தடுப்பு மருந்தை ஏற்றினார். நோய்வாய்ப்பட்ட முயல்களின் முள்ளந்தண்டு நரம்பை உலர்த்தி அம்மருந்து ஆக்கப்பட்டது. பின்னர் 1911ஆம் ஆண்டளவில், இந்தியாவின் கசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள் என்ற பிரித்தானிய மருத்துவர், செம்மறியின் மூளையிலிருந்து மலிவாகவும் பெருமளவிலும் அதை ஆக்கும் முறையைக் கண்டார். நலமான ஆட்டின் மூளைக்குள் நோய்க்கிருமியைச் செலுத்துவர். சில நாட்களில் ஆடு நோயுற்று முடங்கும். அப்போது அதைக் கொன்று, மூளையை எடுத்து அரைத்து, கார்போலிக் அமிலத்தால் கிருமியைச் செயலிழக்கச் செய்து ஊசி மருந்தாக்குவர். 1907ஆம் ஆண்டு நீலகிரியில் குன்னூரில் நிறுவப்பட்ட பாஸ்டர் நிறுவகம் இம்மருந்தைத் தென்னிந்தியாவுக்கு நெடுங்காலம் வழங்கியது. இலங்கையிலும் எங்கள் காலத்தில் வழங்கியது ஆட்டு மூளை மருந்தே.

ஆகவே, விலங்குப் பரிசோதனையை எதிர்த்து எழுத முன்வரும் நான், முயலுக்கும் செம்மறிக்கும் உயிர்க்கடன் பட்டவள். இதை மறைத்துவிட்டு எழுதினால் அது பொய்யாகும். "அந்த ஊசி இல்லாவிட்டால் நீங்களும் இல்லை, நானும் இல்லையே அம்மா" என்று மகள் கூறியபோது என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. ஆனால் கதை அவ்விடத்தில் முடியவில்லை.

ஊசியே நோயானபோது

எங்கள் அயலில் ஒரு குடும்பத் தலைவர் இருந்தார். அவரும் நாய்க்கடிக்கு அதே வகை ஊசி போட்டவர். ஊசிகள் முடியும் தறுவாயில் அவருடைய இரு கால்களும் மரத்துப் போயின. நாய்க்கடியின் நஞ்சு ஏறிவிட்டது என்றார்கள் சிலர். விதி என்றார்கள் வேறு சிலர். உண்மையில் இத்தகைய முடக்கத்தை அந்த ஊசியே உண்டாக்கக்கூடும் என்பதை மருத்துவ உலகம் பல பத்தாண்டுகளாக அறிந்திருந்தது.

காரணம் எளியது. ஆட்டின் மூளையை அரைத்து ஏற்றும்போது, செயலிழந்த கிருமியோடு, நரம்புகளைச் சுற்றியுள்ள கொழுப்புறையும் நம் உடலுள் புகுகிறது. உடல் அதையும் பகையென்று கருதி எதிர்க்கப் பழகுகிறது. ஆட்டின் நரம்புறையும் மனிதனின் நரம்புறையும் ஒத்திருப்பதால், உடல் தன் சொந்த நரம்புகளையே தாக்கத் தொடங்குகிறது. சிலர் முடங்கினர், சிலர் இறந்தனர். பல நூறு பேரில் ஒருவர் என்றும், பல ஆயிரம் பேரில் ஒருவர் என்றும் மதிப்பீடுகள் இடத்துக்கிடம் வேறுபட்டன. எப்படியாயினும், ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோருக்கு ஏற்றப்பட்ட மருந்தில் இது சிறிய தீங்கன்று.

இதற்குத் தீர்வு ஆட்டை விட்டு விலகியபோது கிடைத்தது. 1960களிலும் 1970களிலும் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலுள்ள விஸ்ரார் நிறுவகத்தின் விஞ்ஞானிகள், கண்ணாடிக் கலங்களில் வளர்க்கப்பட்ட மனித உயிர்க்கலங்களில் அக்கிருமியைப் பெருக்கி, தூய தடுப்பூசியை ஆக்கினர். ஈரானில் விசர் நாய்களும் ஓநாய்களும் கடித்த 45 பேருக்கு அது ஏற்றப்பட்டது. 45 பேரும் உயிர் தப்பினர். இச்செய்தி 1976ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதாவது, நான் தொப்புளைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, மூளைத்துணுக்கு இல்லாத நல்ல ஊசி உலகில் ஏற்கெனவே இருந்தது. விலை அதிகம், ஏழை நாடுகளை அது எட்டவில்லை.

ஆட்டு மூளை மருந்தைக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் 1980களிலிருந்தே வலியுறுத்தி வந்தது. இலங்கை 1990களில் அதைக் கைவிட்டது. இந்தியா 2004ஆம் ஆண்டின் இறுதியில்தான் நிறுத்தியது. குன்னூர் நிறுவகமும் ஆட்டை விடுத்துக் கலவளர்ப்பு முறைக்கு மாறிற்று. இன்று நாய் கடித்தவருக்குக் கையில் நாலைந்து ஊசிகளே போடப்படுகின்றன. முடக்கம் பற்றிய அச்சம் பெருமளவு அகன்றுவிட்டது.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆட்டின் மீது இரக்கங்கொண்டவர் கூறியதும், மனிதனின் நலம் நாடிய விஞ்ஞானி கூறியதும் இறுதியில் ஒன்றாகவே அமைந்தன. அதிக உயிர்களைப் பலி கொண்ட மருந்தே மனிதனுக்கும் தீய மருந்தாக இருந்தது. செம்மறி விடுதலை பெற்றபோது நாமும் விடுதலை பெற்றோம். மனிதனா, விலங்கா என்று இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யுமாறு எப்போதும் நம்மிடம் கேட்கிறார்கள். அக்கேள்வியே பல வேளைகளில் தவறானது என்பதற்கு என் வயிற்றுத் தழும்புகள் சாட்சி.

கடன் முழுதும் தீர்ந்துவிட்டது என்று கூற மாட்டேன். இன்றைய தடுப்பூசிகள் பலவற்றை வளர்க்கும் கலங்கள், 1962ஆம் ஆண்டு யப்பானில் ஆபிரிக்கக் குரங்கொன்றின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்டு, அன்று முதல் பெருகி வருபவை. ஊசி மருந்தின் வீரியத்தை அளக்க எலிகளின் மூளைக்குள் கிருமியைச் செலுத்தும் பழைய சோதனை நெடுங்காலம் தொடர்ந்தது. அதற்கு மாற்றாக, கண்ணாடிக் குழாயில் செய்யும் சோதனைகள் இப்போது இடம்பிடித்து வருகின்றன. ஆயினும், தொகுதி தொகுதியாக ஆடுகளைக் கொன்ற நிலைக்கும் இதற்குமிடையே உள்ள தூரம் பெரிது.

எலி கூறுவதும் மனிதன் படுவதும்

விஞ்ஞான நோக்கில் எழும் ஆட்சேபத்தின் அடிப்படை, ஓர் உயிரினத்தின் உடல் இன்னோர் உயிரினத்தின் உடலன்று என்பதே. தலையிடித்தால் பனடோல் என்று நாம் விழுங்கும் பரசிற்றமோல் பூனைக்குக் கொடிய நஞ்சு. எத்தனையோ மனித உயிர்களைக் காத்த பெனிசிலின் கினிப்பன்றியைக் கொல்லக்கூடியது. பூனையிலும் கினிப்பன்றியிலும் மட்டும் சோதித்திருந்தால் இவ்விரண்டும் நமக்குக் கிட்டாமலே போயிருக்கும்.

எதிர்ப்புறத்திலும் சான்றுகள் உள. 2006ஆம் ஆண்டு மார்ச் மாதம் இலண்டனில், ரிஜிஎன்1412 என்ற புதிய மருந்து நலமான ஆறு இளைஞர்களுக்கு ஏற்றப்பட்டது. குரங்குகளுக்குத் தீங்கு செய்யாத அளவில் ஐந்நூறில் ஒரு பங்கே அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. சில மணித்தியாலங்களில் அறுவரும் உறுப்புகள் செயலிழந்து சாவின் வாயிலை எட்டினர். தீவிர சிகிச்சையால் உயிர் மீண்டனர். குரங்கின் நோயெதிர்ப்புக் கலங்கள் அம்மருந்துக்கு மனிதக் கலங்களைப் போல எதிர்வினை காட்டவில்லை என்பது பின்னர் புலப்பட்டது. மனிதக் கலங்களைக் கொண்டே ஆய்வுகூடத்தில் அந்த ஆபத்தைக் காட்டலாம் என்பதும் அடுத்த ஆண்டுகளில் நிறுவப்பட்டது.

தலிடோமைட் என்ற மருந்தின் கதையைப் பலர் அறிவர். 1957ஆம் ஆண்டு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்து, 1961இல் மீளப்பெறப்பட்ட அம்மருந்தால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்தனர். கருவுற்ற விலங்குகளில் அது தக்கபடி சோதிக்கப்படவில்லை. சோதித்திருந்தால் தப்பியிருக்கலாம் என்பர் பரிசோதனையை ஆதரிப்போர். பின்னர் சோதித்தபோது எலிகளின் கருவில் அக்கேடு எளிதில் தோன்றவில்லை. சிலவகை முயல்களிலேயே தோன்றிற்று என்பர் எதிர்ப்போர். இரு கூற்றும் உண்மை. எந்த விலங்கு உண்மை கூறும் என்பதை, உண்மை தெரிந்த பின்பே அறிய முடிகிறது என்பதுதான் இதில் உள்ள இக்கட்டு. விலங்குச் சோதனைகளைத் தாண்டி மனிதச் சோதனைக்கு வரும் புதிய மருந்துகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது, மருந்துக்கடையை எட்டாமலே தோற்றுப் போகின்றன.

ஆனால் இதைக் கொண்டு விலங்குப் பரிசோதனையால் எந்நன்மையும் விளையவில்லை என்று கூறுவது நேர்மையன்று. நம்மவரிடையே நீரிழிவு நோயாளி இல்லாத வீடு அரிது. 1921ஆம் ஆண்டு கனடாவின் ரொறன்ரோ நகரில் பன்ரிங், பெஸ்ற் என்ற இருவர் நாய்களில் செய்த பரிசோதனைகளே இன்சுலினை உலகுக்குத் தந்தன. அறுபது ஆண்டுகள் வரை பன்றிகளின், மாடுகளின் கணையத்திலிருந்தே அது எடுக்கப்பட்டது. 1982ஆம் ஆண்டு, பற்றீரியாவைக் கொண்டு ஆக்கிய மனித இன்சுலின் பாவனைக்கு வந்தது. இங்கும் அதே பாதைதான்: விலங்கில் தொடங்கியது, விலங்கை விட்டு விலகியபோது மேன்மையுற்றது. தொடக்கத்தை மறுக்க வேண்டியதில்லை. தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுவதற்கு அது நியாயமும் ஆகாது.

இசைவு கூற இயலாதவர்

இனி அறத்தின் பக்கம் வருவோம். இரண்டாம் உலகப் போரின் பின், நாசி மருத்துவர்கள் சிறைப்பட்ட மனிதர்கள் மீது செய்த கொடிய பரிசோதனைகளை விசாரித்த நீதிமன்றம், 1947ஆம் ஆண்டு நூரம்பேர்க் நெறிமுறையை வகுத்தது. பரிசோதனைக்கு உட்படுபவரின் சுயவிருப்பான இசைவு இன்றியமையாதது என்பது அதன் முதல் விதி. மனிதகுலம் பெரும் துயரத்தினின்று கற்ற பாடம் அது. அதே நெறிமுறையின் மூன்றாவது விதி, மனிதரில் செய்யும் பரிசோதனை விலங்குகளில் கிடைத்த முடிவுகளை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்கிறது. இசைவு கூற முடியாத மனிதனைக் காக்க, இசைவு கூறவே இயலாத உயிர் முன்னே நிறுத்தப்பட்டது. அன்றைய நிலையில் அது விளங்கக்கூடியதே. ஆயினும் முதல் விதியின் உணர்வு மூன்றாம் விதியோடு இன்றுவரை வழக்காடிக்கொண்டிருக்கிறது.

அகதியின் துன்பத்தையும் எலியின் துன்பத்தையும் நான் சமப்படுத்துகிறேன் என எவரும் எண்ண வேண்டாம். ஆனால் நாம் இல்லாத அறைகளில், நம்மிடம் கேளாமல், நமது வாழ்வு பற்றிய முடிவுகள் எடுக்கப்பட்ட காலத்தை நாம் மறந்துவிடவில்லை. அந்த அறையில் நமக்காக ஒருவராவது பேசியிருந்தால் என்று ஏங்கியவர்கள் நாம். அந்த ஏக்கத்தை அறிந்தவர்களுக்கு, பேச நாவில்லாத உயிரின் சார்பில் ஒரு கேள்வி கேட்பது கடினமாக இருக்கலாகாது.

"ஞாயிறுதோறும் ஆட்டிறைச்சிக் கறி சமைக்கும் நாம் எலிக்கு இரங்குவதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரின் முன் நம்மில் பலர் தலைகுனிய வேண்டியவர்களே. ஆனால் ஒரு பிழையைச் செய்கிறோம் என்பதற்காக மற்றொன்றையும் செய்யலாம் என்பது நியாயமாகாது. கோயில்களில் ஆடு வெட்டும் வேள்வியை ஆறுமுக நாவலர் கண்டித்தபோதும், காலங்காலமாக நடப்பதை நிறுத்துவதா என்றே கேட்டிருப்பார்கள். ஊர் முழுவதும் திருந்தும் வரை காத்திராமல் அவர் பேசினார்.

சட்டம் திறந்த கதவுகள்

நம் சமூகத்தவர் இத்துறையில் பின்தங்கியவர்கள் அல்லர். கலாக்ஷேத்திராவின் நிறுவுநராக நாம் அறிந்த ருக்மிணி தேவி அருண்டேல், இந்திய மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்து, விலங்குகளுக்கு இழைக்கும் கொடுமையைத் தடுக்க 1950களின் தொடக்கத்திலேயே ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசே முழுமையான சட்டம் கொண்டுவரும் என்ற உறுதியின் பேரில் அவர் அதை மீளப்பெற்றார். 1960ஆம் ஆண்டு சட்டம் நிறைவேறியது. பரிசோதனைகளைக் கண்காணிக்கும் குழுவுக்கு அச்சட்டத்தில் ஓர் அத்தியாயம் உண்டு. நூல், உருவமாதிரி, திரைப்படம் என்பவற்றால் கற்பிக்க முடியுமாயின் கல்விக்கூடங்களில் விலங்குப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. அவ்வெண்ணம் முழுமை பெற அரை நூற்றாண்டு ஆயிற்று. இந்தியப் பல்கலைக்கழக மானியக்குழு 2011இல் விலங்கியல் வகுப்பில் வெட்டிப் பார்க்கும் வழக்கத்தைக் குறைக்க வழிகாட்டி, 2014இல் அதை முற்றாக நிறுத்தச் சொன்னது.

என்னை நாய் கடித்த அதே 1978ஆம் ஆண்டில்தான், ஆய்வுகூடங்களுக்குக் குரங்குகளை ஏற்றுமதி செய்வதை இந்தியா தடை செய்தது. 1950களில், போலியோத் தடுப்பு மருந்து ஆக்குவதற்காக ஆண்டொன்றுக்கு ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட குரங்குகள் அங்கிருந்து கப்பலிலும் விமானத்திலும் சென்றன. அமெரிக்க இராணுவத்தின் கதிர்வீச்சுச் சோதனைகளுக்கும் அவை பயன்படுத்தப்பட்டமை வெளிவந்ததும் மொரார்ஜி தேசாயின் அரசு கதவை அடைத்தது.

நம் தாயகத்திலும் இக்கேள்வி 2023ஆம் ஆண்டு எழுந்தது. இலங்கைக்கே உரிய செங்குரங்குகளில் ஓர் இலட்சத்தைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனையை அப்போதைய விவசாய அமைச்சர் வெளியிட்டார். மிருகக்காட்சிச்சாலைகளுக்கே என்று கூறப்பட்டது. இத்தனை குரங்குகளை எந்தக் காட்சிச்சாலை ஏற்கும், இவை ஆய்வுகூடத்துக்கே போகும் என்று சூழலியலாளர் ஐயுற்று, மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். ஏற்றுமதி நடைபெறாது என்று அதே ஆண்டு நீதிமன்றத்துக்கு உறுதி கூறப்பட்டது. பயிரை அழிக்கும் குரங்கால் கமக்காரர் படும் பாட்டை நான் அறியாதவளல்லள். அதற்கு வேறு வழி தேட வேண்டும். ஆய்வுகூடம் அதற்கு விடையன்று.

இனி நாம் வாழும் இந்நாட்டைப் பார்ப்போம். நியூசிலாந்தில் ஆய்வுக்கும் சோதனைக்கும் கற்பித்தலுக்குமாகப் பல ஆண்டுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட விலங்குகள் பயன்படுத்தப்பட்டுள்ளன. பண்ணை நாடாகையால் இவற்றுள் மாடும் ஆடும் கணிசமானவை. பலவற்றுக்கு நேரும் துன்பம் சிறியது என்பதையும் கூற வேண்டும். 1999ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், ஒழுக்கக் குழுவின் அனுமதியின்றி எந்தப் பரிசோதனையும் நடத்த முடியாது என்று விதித்தது. அச்சட்டத்தில் கணவாயும் நண்டும் கூட விலங்குகளே. மனிதக் குரங்குகளைப் பரிசோதனைக்குப் பயன்படுத்துவதைச் சட்டத்தாலேயே கடுமையாக மட்டுப்படுத்திய முன்னோடி நாடு இதுவாகும். 2015ஆம் ஆண்டின் திருத்தம், விலங்குகள் உணர்வுள்ளவை என்பதை ஏற்றது; அழகுப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பதை இந்நாட்டில் தடை செய்தது.

மக்கள் குரல் சட்டத்தை மாற்றியதற்கும் இங்கு சான்றுண்டு. 2013ஆம் ஆண்டு, கடைகளில் விற்கும் புதுவகைப் போதைப்பொருள்களின் பாதுகாப்பை நிரூபித்தால் அவற்றை அனுமதிக்கலாம் என்று ஒரு சட்டம் வந்தது. அதற்காக விலங்குகளுக்கு நஞ்சூட்டிப் பார்ப்பதா என்று மக்கள் தம் நாய்களுடன் வீதியில் இறங்கினர். அடுத்த ஆண்டு மே மாதம், அப்பொருள்களுக்கு அனுமதி தேட விலங்குச் சோதனையைச் சான்றாகக் காட்ட முடியாதவாறு சட்டம் திருத்தப்பட்டது. மனிதனின் களியாட்டத்துக்காக ஓர் உயிர் வதைபடலாகாது என்பதை நாடே ஏற்றுக்கொண்டது.

ஒரு நாற்காலி நமக்காக

இச்சட்டத்தில் என்னை மிகவும் கவர்ந்த ஒன்றைக் கூறி முடிக்கிறேன். ஒவ்வோர் ஒழுக்கக் குழுவிலும் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து மூவர் அமர வேண்டும். ஒருவர் மிருக வைத்தியர். ஒருவர் விலங்கு நல அமைப்பு ஒன்று முன்மொழிந்தவர். மூன்றாமவர், விஞ்ஞானத்தோடு தொடர்பில்லாத சாதாரணப் பொதுமகன் அல்லது பொதுமகள். அவரை முன்மொழிவது உள்ளூராட்சி மன்றம். விஞ்ஞானம் தெரியாத ஒருவருக்கென்றே ஒரு நாற்காலியை இந்நாட்டுச் சட்டம் ஒதுக்கி வைத்திருக்கிறது. என் மகளின் கேள்விக்கு விடை கூறும் தகுதி எனக்கில்லை என்று தொடக்கத்தில் கூறினேன். அத்தகுதி உண்டு என்கிறது சட்டம்.

அந்த நாற்காலியில் அமர்பவர் கேட்க வேண்டிய கேள்விகளை, ரசல், பேர்ச் என்ற இரு பிரித்தானிய விஞ்ஞானிகள் 1959ஆம் ஆண்டிலேயே வகுத்துவிட்டனர். விலங்கு இல்லாமலே இதை அறிய முடியாதா? முடியாதெனில், இதைவிடக் குறைந்த எண்ணிக்கை போதாதா? அதுவும் முடியாதெனில், வலியைக் குறைக்க என்ன செய்தீர்கள்? இவற்றைக் கேட்கப் பட்டம் தேவையில்லை. நான்காவதாக ஒன்றை நான் சேர்ப்பேன்: இதில் வரும் விடை உண்மையில் மனிதனுக்குப் பொருந்தும் என்று எதைக் கொண்டு நம்புகிறீர்கள்?

இக்கேள்விகளை என் மகள் தன் பேராசிரியரிடம் கேட்டாள். அவர் சினக்கவில்லை. குழுவுக்கு அனுப்பிய விண்ணப்பத்தைக் காட்டி, முதல் மூன்றுக்கும் தாம் எழுதிய விடைகளை விளக்கினார். நான்காவதற்குச் சற்று நேரம் யோசித்து, "அதுதான் எங்கள் எல்லாருக்கும் உள்ள கேள்வி" என்றார். மனிதக் கலங்களை வளர்த்து ஆராயும் வேறொரு குழு அதே கட்டடத்தில் உண்டு என்பதையும் அவரே கூறினார். அவள் அங்கு சேர்ந்தாள். எலித் திட்டத்தில் அவளுடைய தோழி சேர்ந்தாள். அத்தோழியை நான் குறைகூற மாட்டேன். செம்மறி மூளையால் உயிர் வாழ்பவள் எவரையும் குறைகூற முடியாது. மகளின் எதிர்காலம் இதனால் பின்தங்குமோ என்ற அச்சம் சில இரவுகளில் எனக்கு இன்னும் எழுகிறது என்பதையும் மறைக்கவில்லை.

வாசகர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. இந்நாட்டுத் தடை வெளிநாட்டில் சோதித்து இறக்குமதியாகும் அழகுப் பொருள்களைத் தடுப்பதில்லை. ஆகவே சவர்க்காரமும் முகப்பூச்சும் வாங்குமுன் அதன் மேலுறையை வாசியுங்கள். பாடசாலையில் விலங்கை வெட்ட உங்கள் பிள்ளை தயங்கினால், அதைக் கோழைத்தனமென்று ஏசாமல், வேறு முறையில் கற்பிக்க முடியுமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். ஓய்வும் ஆங்கில அறிவும் உள்ளவர்கள் அந்த மூன்றாவது நாற்காலிக்கு முன்வாருங்கள். நானும் மாநகர சபைக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

பெற்ற உயிரைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் இன்னோர் உயிருக்காக ஒரு கேள்வி கேட்க முடியும். என் பதினான்கு ஊசிகளின் கடனை நான் அவ்வாறே சிறிது சிறிதாகத் தீர்க்க எண்ணியிருக்கிறேன்.